உண்ணிப்புதர் மூடிய தோட்டப் பாதையைத் திறத்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் பாதையை மூடுவது பெரும்பாலும் உண்ணிச்செடியே. அதைத் தரைமட்டத்தில் அரிந்தால் அடுத்த மழைக்கே முன்பைவிட அடர்ந்து துளிர்க்கும் என்பதால், மண் ஈரமாக இருக்கும்போது தூரைச் சுற்றித் தோண்டி, மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரைத் துண்டித்து, வேர் மேலே இருக்கும்படி செடியைத் தலைகீழாகக் காயவிட வேண்டும். தீ வைக்கவே கூடாது.

புதருக்குள் கையை விடுமுன் நீண்ட கழியால் தட்டிச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். கண்ணாடி விரியன் பெரும்பாலும் விலகி ஓடாமல் சருகோடு சருகாகச் சுருண்டு கிடந்து, குக்கர் ஆவி விடுவதுபோல் உரக்கச் சீறும். அந்த ஒலி கேட்டால் வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். கடித்துவிட்டால், இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஈரம் காயாத யானைச் சாணம் தென்பட்டால் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்தி, வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.