மாந்தோப்பில் லோரா: மண் ஈரத்தைக் கைப்பேசியில் பார்க்க

காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாந்தோப்புகளில் சென்சாருக்கு ஒரு சிம் போடுவது வீண் செலவு. லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறையை வைத்தால், சென்சார்கள் அனுப்புவதை வாங்கி இணையத்துக்குத் தரும் கேட்வே ஒன்றுக்கு மட்டும் இணைய இணைப்பு போதும்.

இந்தியாவில் இதற்கு உரிமம் தேவையில்லாத அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மாட்யூலை வாங்காதீர்கள். மென்பொருளிலும் இந்தியாவுக்கான ‘ஐஎன்865’ (IN865) என்றே தேர்ந்தெடுங்கள். ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுத்தால் சிப் போய்விடலாம்.

கேட்வேயை மோட்டார் ரூமுக்குள் வைப்பதுதான் வழக்கமான தப்பு. தகரக் கூரை சிக்னலை அடைத்துவிடும். 6 மீட்டர் குழாயின் உச்சியில், மழை புகாத பெட்டியில் ஆன்டெனாவோடு சேர்த்தே மாட்டுங்கள். கீழே வைத்து 10 மீட்டர் மெல்லிய ஆன்டெனா கேபிள் (கோஆக்ஸ்) இழுத்தால் பாதிக்கு மேல் சக்தி கேபிளிலேயே போய்விடும். குழாய்க்கு எர்த் கட்டாயம். கோடை இடி சும்மா விடாது. சென்சாருக்கும் கேட்வேக்கும் நடுவே பாறைக் குன்று இருந்தால் இடத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஈர சென்சார் கெப்பாசிட்டிவ் வகையாக இருக்கட்டும். உலோகமுனை நேரடியாக மண்ணில் படும் ரெசிஸ்டிவ் வகை சில மாதங்களில் அரித்துவிடும். அடிமரத்தை ஒட்டாமல், கிளை நிழல் முடியும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். உங்கள் செம்மண்ணையே காயவைத்தும் நனைத்தும் சென்சார் காட்டும் இரண்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அனுப்பினால் தாராளம்.

மொபைல் சிம்மில் பெரும்பாலும் வெளியிலிருந்து தொடர்புகொள்ளக்கூடிய தனி இணைய முகவரி (ஐபிவி4) கிடைக்காது. தகவல் சர்வருக்குப் போகும், ஆனால் வீட்டிலிருந்து கேட்வேக்குள் நுழைய முடியாது. அதற்கு அந்த சர்வர் வழியாக வயர்கார்டு என்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) போடுங்கள்.