மோட்டார்ஹோம் கழிவுத் தொட்டி ஒழுகுகிறதா? பசை வாங்கும் முன் பிளாஸ்டிக்கைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்கியவர்களைப் பாடாய்ப் படுத்துவது வண்டிக்கு அடியில் சொட்டும் கழிவுநீர். கழிப்பறைக் கழிவுக்கு பிளாக் டேங்க், சிங்க்கும் ஷவரும் வடிய கிரே டேங்க் என்று தொட்டிகள் தனித்தனி. பழுதுபார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். போட்ட ஒட்டு சில வாரத்தில் உரிந்து வருகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்: தொட்டி எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்காமல் கடையில் கிடைத்த பசையைப் பூசியிருப்பார்கள்.

முதலில் காலி செய்யுங்கள்

கழிவைக் கொட்ட அனுமதி உள்ள டம்ப் ஸ்டேஷனில் தொட்டியைக் காலி செய்து, பாதி அளவு தண்ணீர் நிரப்பித் திறந்துவிடுங்கள். வெளியே வரும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கடைசி முறை பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் அரை கோப்பை சேர்த்து, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டினால் உள்சுவர் நன்றாகக் கழுவப்படும். பிளீச் ஊற்ற வேண்டாம். சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறவைக்கும் குளோரமின் வாயுவை உண்டாக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தூக்க வேண்டியிருந்தால் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். வெறும் ஹைட்ராலிக் ஜாக்கை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கேஸ் சிலிண்டரை மூடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

எங்கே ஒழுகுகிறது?

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. அடித்தகட்டைக் கழற்றி, தொட்டியைத் துணியால் துடைத்து உலரவிடுங்கள். எல்லா இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பிறகு உணவுச் சாயம் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கால் தொட்டி, அரை, முக்கால், முழுத் தொட்டி என்று ஒவ்வொரு அளவிலும் அரை மணி நேரம் பொறுங்கள். முக்கால் தொட்டிக்கு மேல்தான் ஒழுகுகிறது என்றால் கீழ்ச்சுவரைத் தேட வேண்டாம். குழாய் உள்ளே நுழையும் இடத்து ரப்பர் வளையம் வயதாகி இறுகியிருக்கும், அல்லது மேலே உள்ள, நீர் அளவைக் காட்டும் சென்சாரின் திருகு தளர்ந்திருக்கும். வளையத்தை மாற்றினால் போதும்.

மூடி வைத்த வடிகால் வால்வைத் தாண்டி வெளிக்குழாயின் மூடிக்குள் தண்ணீர் தேங்கினால், தேய்ந்திருப்பது வால்வு ரப்பர்கள். 3 அங்குல வால்வில் நான்கு போல்ட்டைக் கழற்றி, குழாயைச் சற்று விலக்கினால் வால்வு கையோடு வந்துவிடும். இரண்டு பக்க ரப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். சிலிக்கோன் கிரீஸ் தடவி, போல்ட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் உடல் வளைந்து உள்ளே நகரும் அடைப்புத் தகடு சிக்கிக்கொள்ளும்.

இது எந்தப் பிளாஸ்டிக்?

விரிசல் தொட்டியில்தான் என்று உறுதியானால், விளிம்பிலிருந்து நகக்கண் அளவு சீவல் ஒன்று எடுங்கள். ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் அதை அமுக்கி விடுங்கள். மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக். மிதந்தால் பாலிஎதிலீன். நம் ஊர் மொட்டை மாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இந்த இரண்டாவது வகை. தடவினால் மெழுகு போல வழுக்கும்.

உறுதிப்படுத்த, பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு மறைவான இடத்தில் தேயுங்கள். ஏபிஎஸ் என்றால் அந்த இடம் பிசுபிசுத்து, பஞ்சில் கறுப்பு ஏறும். பாலிஎதிலீன் அசையவே அசையாது.

ஏபிஎஸ் தொட்டி

1. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் வண்டியின் அதிர்வில் விரிசல் ஒட்டைத் தாண்டி ஓடும்.
2. விரிசலை ‘வி’ வடிவில், சுவர்த் தடிமனில் பாதி ஆழத்துக்குக் கீறுங்கள். சுற்றிலும் 5 செ.மீ. அகலத்துக்கு 80 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.
3. முந்தைய இரவே கண்ணாடிக் குப்பியில் ஏபிஎஸ் சீவல்களை அசிட்டோனில் ஊறவைத்திருக்க வேண்டும். தேன் பதத்துக்கு வந்த இந்தக் குழம்பை விரிசலில் திணியுங்கள். கடையில் விற்கும் ஏபிஎஸ் சிமென்ட்டும் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை) ஆகும். பிவிசி சிமென்ட் ஆகாது.
4. விரிசலை எல்லாப் பக்கமும் 4 செ.மீ. தாண்டும்படி 3 மி.மீ. ஏபிஎஸ் தகட்டை வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். தகட்டிலும் தொட்டிச் சுவரிலும் சிமென்ட் பூசி அழுத்தி, பலகை கொடுத்து ஒரு மணி நேரம் முட்டு வையுங்கள்.
5. மேலே கண்ணாடி இழைத் துணி வைத்து, குழம்பை மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசுங்கள். ஒரே தடவையில் தடியாக அப்பினால் அசிட்டோன் உள்ளே சிக்கி, குமிழி விட்டு, நல்ல சுவரையும் இளக்கிவிடும்.

குறைந்தது 24 மணி நேரம் காயட்டும், குளிர்காலத்தில் 48. மெல்லிய நைட்ரில் கையுறையை அசிட்டோன் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள்.

பாலிஎதிலீன் தொட்டி

எபாக்சி புட்டியோ சாதாரணப் பசையோ இதில் நிலைக்காது. உருக்கித்தான் ஒட்ட வேண்டும். அதற்கு முன் தொட்டியை முழுக்க உலர்த்தி, மின்விசிறியால் சில மணி நேரம் உள்ளே காற்று செலுத்துங்கள். கழிவில் உருவாகும் மீத்தேன் மிச்சமிருந்தால் சூட்டில் தீப்பிடிக்கும்.

ஏபிஎஸ் போலவே முனைத் துளையும் ‘வி’ பள்ளமும் உண்டு. ஆனால் இங்கே உப்புத்தாளைவிடக் கத்தியால் சுரண்டி, மேலே பழசாகிப்போன தோலை எடுப்பதுதான் நல்லது. சூட்டுக் காற்று வெல்டரை 270 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை வைத்து, அதே வகைப் பாலிஎதிலீன் குச்சியை அழுத்திக்கொண்டே உருக்குங்கள். சுவரும் குச்சியும் ஒன்றாகப் பளபளத்து இளகிக் கலக்க வேண்டும். குச்சி மட்டும் உருகி மேலே படிந்தால் அது ஒட்டு அல்ல. முதலில் மறைவான ஓரத்தில் ஒரு துண்டு வெல்ட் செய்து, ஆறியபின் இடுக்கியால் இழுத்துப் பாருங்கள். முழுசாகப் பெயர்ந்து வந்தால் குச்சி பொருந்தவில்லை. நீண்ட விரிசலுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையைப் பதித்து, மேலே இன்னொரு வரிசை போடுங்கள். சில தொட்டிகள் குறுக்கிணைப்புப் பாலிஎதிலீன். அவை உருகாமல் கருகும், அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

ஏன் விரிசல் விட்டது என்பதையும் பாருங்கள்

40 கேலன் தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 150 கிலோ. தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்துத் தொங்கினால் அந்த எடை முழுக்க வால்வுப் பொருத்தின் கழுத்தில் விழும். அதனால் அந்த மூலையில்தான் விரிசல் அடிக்கடி தொடங்கும். துருப்பிடித்த சட்டத்தை மாற்றி, தொட்டிக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் பட்டை வையுங்கள். குளிரில் உள்ளே நீர் உறைந்து விரிசல் விட்ட தொட்டி என்றால், பனிக்காலத்துக்கு முன் காலி செய்து வைக்கும் பழக்கம் வேண்டும்.

கடைசியாகச் சாயத் தண்ணீரை முழுத் தொட்டி நிரப்பி, புது டிஷ்யூ ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அது தேறினால் மேடு பள்ளச் சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். நிற்கும்போது தாங்கும் ஒட்டு குலுக்கலில் பிரியலாம். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் அடித்தகட்டைத் திருகி மூடுங்கள்.