ஆணி அடிக்காமல் ஒரு குட்டை ஸ்டூல்

ஒரு கட்டையில் துளை, அதற்குள் நுழைய இன்னொரு கட்டையின் முனையில் நாக்கு என்று இணைத்து ஒரு குட்டை ஸ்டூல் செய்யத் தெரிந்துவிட்டால் பெஞ்சு, கட்டில், கதவு நிலை எல்லாவற்றின் உள்வேலையும் பிடிபட்டுவிடும். இணைப்பு ஒன்றுதான், அளவுதான் வேறு. அதனால் மரவேலை பழக வேண்டும் என்று கேட்பவர்களிடம் சாவி மாட்டும் பலகை செய்யுங்கள், படச்சட்டம் செய்யுங்கள் என்று நான் சொல்வதில்லை. அவை சுவரில் தொங்கும். யார் பாரமும் அவற்றின் மேல் ஏறாது. ஸ்டூலின் மேல் ஆள் உட்கார வேண்டும். இணைப்பு சரியா தப்பா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாதான், அதாவது முன்கூடம்தான், என் பட்டறை. எங்கள் தெரு ஆசாரி அண்ணாச்சியிடம் கேட்டுக் கேட்டுக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். சில இடங்களில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது, அதையும் எழுதுகிறேன்.

முதலில் மரம். தேக்குதான் வேண்டும் என்றால் புதிதாக வாங்காதீர்கள். நம் பக்கத்தில் பழைய வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். நிலை, கதவு, மச்சுச் சட்டம் எல்லாம் பழைய மரக்கடைக்கு வந்துவிடுகின்றன. பல பத்தாண்டுகள் ஒரு வீட்டைத் தாங்கி நின்ற மரம் இனிமேல் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது போதும். மரத்தின் நான்கு பக்கமும் அதை ஓட்டிப் பார்த்தால் உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி தெரிந்துவிடும். ரம்பத்தின் பல் போன பிறகு கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. தட்டினால் பொடி உதிர்கிற துண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஓரத்தில் வெளிறிய பகுதி, ஆசாரிமார் வெள்ளை என்று சொல்வது, இருந்தால் அதைக் கழித்துவிட்டு உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். பூச்சி முதலில் வெள்ளையைத்தான் தின்னும்.

தேக்கு கைக்கு எட்டவில்லை என்றால் பூவரசு. எளிதில் பிளக்காத மரம், உளிக்கும் இணங்கும். வேம்பு பரவாயில்லை, ஆனால் அதன் இழை முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடப்பதால் இழைப்புளி போட்டால் செதில் செதிலாகப் பிய்யும். வாகையை இழைத்தால் தூள் மூக்கில் ஏறித் தும்மலாகத் தும்ம வைக்கும், துணி கட்டிக்கொள்ள வேண்டும். பனை கூடவே கூடாது. பனங்கைகள் காலங்காலமாகக் கூரை ஓடுகளைத் தாங்குகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனைக்கு வைரம் வெளிப்புறத்தில், நடுவில் மெத்தென்ற சோறு. நீளவாட்டு நார்களை ஒன்றோடொன்று கட்டிப் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. மெல்லிய நாக்கு வெட்டினால் சிலாம்பாகப் பிரிந்துவிடும்.

அளவுகள். கால் நான்கு, ஒன்றரை அங்குலச் சதுரம், 12 அங்குல நீளம். முடிந்தபின் 11 அங்குலம்தான் இருக்கும். மிச்ச ஓர் அங்குலம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கால்களை இணைக்கும் சட்டங்கள் 2 அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம்: நெடுஞ்சட்டம் இரண்டு, 12¼ அங்குலம், குறுஞ்சட்டம் இரண்டு, 8¼ அங்குலம். மேற்பலகை 14க்கு 10, கனம் ஓர் அங்குலம். இனி அங்குலத்தை நூலாக உடைத்துப் பேசுவோம். 8 நூல் ஓர் அங்குலம். சென்டிமீட்டரில் வளர்ந்த பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் இந்த வேலைக்கு நூல் கணக்கு கச்சிதம். காலின் கனம் 12 நூல். அதில் மூன்றில் ஒரு பங்கு துளை, அதாவது 4 நூல். அரை அங்குல உளியின் அகலமும் 4 நூல். சட்டத்தில் நாக்கு 4 நூல் கனம், இருபுறமும் 2 நூல் தோள் (நாக்கு உள்ளே போனதும் காலில் முட்டி நிற்கும் விளிம்பு).

கோடு போடுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. பாதிக்கு மேல் என்றே சொல்வேன். ஒவ்வொரு துண்டிலும் நன்றாக இழைத்த ஒரு முகத்தையும் அதற்கு மூலைமட்டமாக இருக்கும் ஒரு விளிம்பையும் தேர்ந்தெடுத்துப் பென்சிலால் அடையாளம் போடுங்கள். எல்லா அளவும் அந்த இரண்டிலிருந்து மட்டுமே புறப்பட வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அளவுகூட எடுக்கக் கூடாது. எடுத்தால் மரத்தின் கனத்தில் உள்ள சிறு வித்தியாசமெல்லாம் இணைப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தோள்கோட்டைப் பென்சிலால் போடாதீர்கள். கூரான கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்கு ஒரு தடிமன் இருக்கிறது, கத்திக் கீறலுக்கு இல்லை; தவிர அந்தக் கீறலிலேயே ரம்பம் படிந்து ஓடும். இரண்டு நெடுஞ்சட்டத்தையும் சேர்த்து வைத்து இறுக்கி, ஒரே வீச்சில் இரண்டிலும் கீறுங்கள். தோளுக்குத் தோள் 9 அங்குலம். குறுஞ்சட்டத்துக்கு 5. தனித்தனியாக அளந்தால் ஒன்று அரை நூல் கூடும், ஸ்டூல் கோணிக்கொள்ளும். துளையின் அகலத்தை ஸ்கேலில் பார்க்காமல், கோடு கீறும் கேஜின் முள் இரண்டையும் உளியின் வாயோடு வைத்தே பொருத்துங்கள். உளி 4 நூல் என்று கடையில் சொல்வார்கள், வீட்டில் அளந்தால் கொஞ்சம் முன்பின் இருக்கும். “கோடு சரியாக இருந்தால் உளி தானே போகும், டீச்சரம்மா” என்பார் அண்ணாச்சி. உளி தானே போகாது, அது வேறு விஷயம். தீட்டியிருக்க வேண்டும்.

நெடுஞ்சட்டம் காலின் உச்சியில் சேரும், குறுஞ்சட்டம் உச்சியிலிருந்து 3 அங்குலம் கீழே. இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் காலுக்குள் நாக்கும் நாக்கும் மோதும். அதற்கு 45 பாகையில் நுனியை வெட்டுகிற வழி உண்டு, முதல் ஸ்டூலில் வேண்டாம். மேலும் கீழுமாக வைத்தால் எட்டுத் துளையும் மறுபக்கம் வரை போகலாம். நெடுஞ்சட்டத்தின் நாக்கு 12 நூல் அகலம், மேல் ஓரத்தில் 4 நூல் குறைத்துவிட வேண்டும். குறுஞ்சட்டத்தின் நாக்கும் 12 நூல்தான், ஆனால் மேலும் கீழும் 2 நூலாகக் குறைக்க வேண்டும்.

துளை போடும்போது அந்த மிச்ச ஓர் அங்குலத்தின் அருமை தெரியும். காலின் உச்சிக்கு மிக அருகே உளியை வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்தால் முனை பிளந்துவிடும். கொம்பு மாதிரி ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் பிளக்காது. எல்லாம் ஒட்டிக் காய்ந்தபின் அதை அறுத்து எறியலாம்.

அண்ணாச்சி தரையில் சம்மணமிட்டு, காலால் கட்டையைப் பிடித்துக்கொண்டு துளை போடுவார். பார்க்க அழகு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பழைய மேசையில் சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, மேசைக்காலுக்கு நேர் மேலே வைத்து அடியுங்கள். நடுப்பலகையில் வைத்து அடித்தால் பாதி அடி மேசை குதிப்பதிலேயே போய்விடும். துளையின் நடுவில் தொடங்கி இருபுறமும் போங்கள். இரண்டு முனையிலும் ஒரு நூல் விட்டுவைத்து அதைக் கடைசியில் சீவுங்கள், ஏனென்றால் சில்லை நெம்பி எடுக்கும்போது உளியின் முதுகு அந்த முனையில்தான் நசுக்கும். பாதி ஆழம் வந்ததும் கட்டையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வாருங்கள். ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு போனால் வெளியே வரும் இடத்தில் மரம் பெயர்ந்துவிடும்.

நாக்கை அறுக்கும்போது ரம்பம் கோட்டின் கழிவுப்பக்கம் போக வேண்டும், கோடு மரத்திலேயே நிற்க வேண்டும். பொருத்திப் பார்க்கும்போது கையால் தள்ளினால் பாதி நுழைய வேண்டும், மீதி கொட்டாப்புளியின் மெல்லிய தட்டுக்குப் போக வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளக்கப் போகிறது என்று அர்த்தம்; எடுத்துப் பாருங்கள், நாக்கில் எங்கே மினுமினுப்பு இருக்கிறதோ அங்கே மட்டும் சீவுங்கள். தானாகவே விழுந்தால் இழைப்புச் சுருள் ஒன்றை நாக்கின் கன்னத்தில், அதாவது அதன் அகன்ற பக்கத்தில், ஒட்டிக் காயவைத்து மறுபடி சீவலாம். மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைக்கிற வித்தையை என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

இனி ஆப்பு. பலர் காலைப் பிளப்பது இந்த இடத்தில்தான். நாக்கின் நுனியில், அதன் 4 நூல் கனத்தின் குறுக்காக, ஓரத்திலிருந்து 2 நூல் தள்ளி ரம்பத்தால் வெட்டு போடுங்கள். வெட்டு முடியும் இடத்தில் சிறு துளை போட்டால் பிளவு அதோடு நின்றுவிடும். ஆப்பு இறங்கும்போது நாக்கு மேலும் கீழுமாக விரிந்து, துளையின் முனைகளை, அதாவது காலின் இழை ஓடும் திசையை அழுத்த வேண்டும். பக்கவாட்டில் விரிந்தால் கால் இழையோடு பிளந்துவிடும். துளையின் வெளிவாயில் ஆப்பு வரும் முனையை ஒரு நூல் சரிவாகச் சீவிவிட்டால் விரிந்த நாக்கு திரும்ப வெளியே வர இயலாது. குறுஞ்சட்டத்துக்கு மேலும் கீழும் இரண்டு ஆப்பு. நெடுஞ்சட்டத்துக்குக் கீழ் முனையில் மட்டும் ஒன்று. மேலே இருப்பது அரை அங்குல மரம்தான், அதை நெருக்காதீர்கள். ஆப்புக்குப் புளியமர வைரத்தைவிட நல்லது கிடைக்காது. நாக்கிலும் துளையிலும் மரப்பசை மெல்லியதாகப் பூசி, குறுஞ்சட்டங்களை முதலில் சேர்த்து இரண்டு சோடிக் கால்களாக்கி, பிறகு நெடுஞ்சட்டங்களைச் சேருங்கள். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பசை ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இந்த வேலையைப் பெரிய அளவில் பார்க்க ஆசைப்பட்டால் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்குப் போய் வாருங்கள். கோபுரத்தின் உள்நிலைகளில் சுவரோவியங்களோடு மரத்தூண்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. எல்லாரும் ஓவியத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் தூண் உத்தரத்தைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள்.

மேற்பலகைக்கு வருவோம். மரம் நீளவாட்டில் அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அகலவாட்டில் ஊதும், சுருங்கும். சித்திரை வெயிலில் இருந்த 10 அங்குலப் பலகை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நூற்றுக்கு ஒன்று ஊதினாலே கிட்டத்தட்ட ஒரு நூல் கூடிவிடும். அதைச் சுற்றிலும் அசையாமல் இறுக்கிவிட்டால் பலகை வெடிக்கும், இல்லை சட்டம் விலகும். எனவே நெடுஞ்சட்டங்களின் உட்புறத்தில் 2 நூல் காடி, அதாவது நீளப் பள்ளம், ஓட்டி, அதற்குள் நுழையும் மூக்கு உள்ள சிறு கட்டைகளைச் செய்து, கட்டையைப் பலகையோடு திருகாணியால் பிடியுங்கள். மூக்குக்கும் காடியின் அடிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருக்கட்டும். பலகை அந்த இடைவெளியில் போய்வரும். (ஆணி இல்லை என்றுதான் தலைப்பில் போட்டேன், திருகாணி இல்லை என்று சொல்லவில்லை.)

கால் ஆடினால் கிரானைட் மேடையில் நிறுத்தி, குட்டையான காலுக்குக் கீழே அட்டை கொடுத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு கட்டைமேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு இழுத்து, கோட்டில் அறுங்கள். கண்ணளவில் ஒவ்வொரு காலாகக் குறைத்துக்கொண்டு போனால் ஸ்டூல் மணையாகிவிடும்.

பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது. தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் வாங்கித் துணியால் மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருண்ட துணி தானே தீப்பிடித்துவிடும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள். மூன்று பூச்சு போதும். பலகையின் அடிப்புறத்தையும் விடாமல் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று விட்டால் இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்காது, அடுத்த மழைக்குப் பலகை வளைந்துவிடும்.