‘ஸ்னீக்கி’: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது?

தெனாலிராமனை ஆங்கிலத்தில் ‘ஸ்னீக்கி’ (sneaky) என்று எழுதலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் பார்த்த அகராதியில் ‘தந்திரமான’ என்று போட்டிருந்ததாம். வேண்டாம் என்றேன். தெனாலிராமன் சபை நடுவே, எல்லோரும் பார்க்கத்தான் மடக்குகிறான். அவனுக்கு ‘கிளவர்’ சரி. ‘ஸ்னீக்கி’க்கு மூளை மட்டும் போதாது, ஒளிவுமறைவு வேண்டும்.

படி 1: வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். ‘ஸ்னீக்’ என்றால் யார் கண்ணிலும் படாமல் நழுவுவது. ஸ்னீக்கர்ஸ் ஷூவுக்கு அந்தப் பெயர் வந்ததே, அதன் ரப்பர் அடிப்பாகம் காலடிச் சத்தத்தைக் காட்டிக்கொடுக்காது என்பதால்தான்.

படி 2: ‘நைசாக’ என்று போட்டுப் பாருங்கள். மதியம், வீடே கண்ணயர்ந்திருக்கிறது. தம்பி அதிரச டப்பாவை வயிற்றோடு அணைத்து, மூடி ‘டங்’ என்காதபடி விரலால் நெம்பி, இரண்டை எடுத்துக்கொள்கிறான். அப்புறம் குறைந்தது தெரியாமலிருக்க மீதியைப் பரப்பி வைக்கிறான். பரப்பி வைத்தான் பாருங்கள், அதுதான் ஸ்னீக்கி! கேட்காமல் எடுத்துத் தின்றதோடு விட்டிருந்தால் இந்தச் சொல் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது.

படி 3: வாக்கியத்தில் வையுங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: ‘ஏ ஸ்னீக்கி ட்ரிக்’. ‘இஸ்’ஸுக்குப் பின்னாலும் வரும்: ‘ஹி இஸ் ஸ்னீக்கி’. ஒருவர் செய்த காரியத்தை மட்டும் சொல்ல, ‘தட் வாஸ் ஸ்னீக்கி ஆஃப் யூ’. இங்கே ‘ஆஃப்’ போட வேண்டும், ‘ஃபார்’ அல்ல. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

படி 4: யாரிடம் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னால் செல்லமான ‘திருட்டுப் பயலே’. அலுவலக மெயிலில் மேலாளரைப் பற்றி எழுதினால் நேரடிக் குற்றச்சாட்டு. தயவுசெய்து அங்கே எழுதாதீர்கள்.

சினிமாக்காரர்கள் வெளியிடும் ‘ஸ்னீக் பீக்’கில் கள்ளத்தனம் இல்லை, முன்கூட்டியே ஒரு எட்டிப் பார்வை, அவ்வளவுதான். இந்தப் ‘பீக்’கில் இரண்டு ‘இ’ வரும் (peek). ‘இ, ஏ’ (peak) என்று எழுதினால் மலைச்சிகரம் ஆகிவிடும்.

பயிற்சிக்கு ஒன்று: இலவச மாதம் முடிந்ததும் சத்தமில்லாமல் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆப். அதைப் பற்றி ‘ஆஃப்’ வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்.