பழைய காரின் ரெக்சின் உட்புறத்திற்கு நிறம் மாற்றும் முறை

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களின் சீட்டுகளைப் புது ரெக்சின் வாங்கித் தைத்துவிடலாம். ஆனால் அந்தக் காலத்து ரெக்சினில் அழுத்தியிருக்கும் கோடுகளும் தோல் போன்ற வரிகளும் இன்று மீட்டர் கணக்கில் கிடைக்கும் ரெக்சினில் அப்படியே அமைவது அரிது. ஆகவே கிழியாமல், தையல் விடாமல் இருக்கும் பழைய ரெக்சினை நிறம் மாற்றிக் காப்பாற்றுவதே வண்டிக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான கருத்து. விரலால் மடக்கிப் பார்க்கும்போதே வெடிக்கிற ரெக்சினை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரெக்சின் என்பது துணியின் மேல் படிந்த பி.வி.சி. படலம். துணியில் சாயம் ஊறுவதுபோல இதில் நிறம் ஊறுவதில்லை. மேலே மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எனாமல் பெயிண்டைச் சீட்டில் அடித்தால், ஆள் உட்கார்ந்து எழுந்த சில நாட்களிலேயே மடிப்புகளில் வெடித்து உரிகிறது. வினைலுக்கு (பி.வி.சி.க்கு வழங்கும் இன்னொரு பெயர்) என்று டப்பாவிலேயே குறிப்பிட்டிருக்கும், காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் ஸ்பிரேயையே வாங்க வேண்டும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்திற்கு மாறுவது எளிது. கறுப்பைக் கிரீம் நிறமாக்க முயன்றால் பல பூச்சுகள் தேவைப்படும், பூச்சு தடித்து ரெக்சினின் வரிகளும் மூடிப்போகும்.

குமரி மாவட்டத்தில் இந்த வேலையின் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது காற்றின் ஈரம்தான். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றாக இருந்தால் அதில் நீர் படிந்து, நிறம் பால் கலந்ததுபோல வெளுத்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால், ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை உள்ள நாட்களைத் தேர்ந்தெடுத்து, பனி ஈரம் நன்றாக விலகிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல் தொடங்குவது நல்லது. ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் கணவாய்க் காற்று தூசியை வாரி வரும் என்பதால் திறந்த முற்றத்தைத் தவிர்த்து, ஜன்னல் திறந்த ஷெட்டுக்குள் செய்ய வேண்டும்.

சீட்டுகளைக் கழற்றி வெளியே எடுப்பது அவசியம். உப்புக்காற்றில் துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விடும்போது அது ரெக்சினில் தெறிக்காமல் பழந்துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்தல். இதில் அவசரம் கூடவே கூடாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டியில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும்; அது ஈரத்தை இழுத்து, பின்னாளில் பூச்சைக் கொப்புளமாக எழுப்பும். குலசேகரம் பக்கத்து மலையோர வண்டிகளில் பூசணம் பிடித்திருக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, பிறகு மென்மையான சோப்புக் கரைசலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு வரிகளுக்குள்ளும் தையல் ஓரங்களிலும் தேய்த்து, சோப்பு முழுவதும் போகும்படி துடைத்து, நிழலில் முழுமையாக உலர்த்த வேண்டும். டேஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிகான்தான் பெரிய எதிரி. அது இருக்கும் இடத்தில் நிறம் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்கு ஏறுவது நிற்கும் வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் வேண்டாம்; அவை ரெக்சினின் மென்மையைக் கெடுக்கும், தீ அபாயமும் உண்டு.

நிறம் மாற வேண்டாத இடங்களையும் குரோம் பட்டிகளையும் மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு, சீட்டின் அடிப்பக்கத்தில் சிறிது அடித்துச் சோதியுங்கள். மறுநாள் அதில் டேப் ஒட்டி இழுத்தும் நிறம் உரியாவிட்டால் மேலே தொடரலாம். ஆவி வடிகட்டும் முகமூடி அணிந்து, சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் கையை நிறுத்தாமல் நகர்த்தி, மிக மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். முதல் பூச்சில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும். அதை ஒரேயடியாக மூட நினைப்பவர்களுக்கே நிறம் வழிந்து ஓடுகிறது. டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு மூன்று அல்லது நான்கு பூச்சுகள் போதும். மடிப்புகளைக் கையால் விரித்துப் பிடித்து உள்ளேயும் அடியுங்கள்.

டேஷ்போர்டின் மேற்பகுதிக்குப் பளபளப்பில்லாத நிறமே வேண்டும். இல்லையேல் வெயில் அதில் பட்டு முன் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். ஸ்டீயரிங்கில் இந்த ஸ்பிரேயை அடிக்க வேண்டாம், கை பட்டுப் பட்டு விரைவில் தேய்ந்துவிடும். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் இரண்டு நாட்களாவது சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. அதன்பின் ஈரத்துணியால் துடைப்பதே போதுமான பராமரிப்பு. சிலிகான் பாலிஷை மறுபடியும் தொடாமல் இருந்தால், ஓரங்கள் தேயும்போது மீதமிருக்கும் ஸ்பிரேயால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.