நீறு பூத்த நெருப்பு: அகச்சிவப்பு டேட்டாவ வெச்சு கருந்துளை தேடுறது எப்டி

டெலஸ்கோப் வாங்கணுமானு கேக்குறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், வேணாம். ஒரு பிரவுசர், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், கழித்தல் கணக்கு தெரியணும், அவ்ளோதான். மொத்த வானத்தையும் ஏற்கனவே படம் புடிச்சு ஒவ்வொரு புள்ளியோட வெளிச்சத்தையும் அளந்து ஃப்ரீயா போட்டு வெச்சிருக்காங்க, அதுல எந்தப் புள்ளி தீனி தின்னுட்டு இருக்குற கருந்துளைனு பொறுக்கி எடுக்கறதுதான் இன்னிக்கு வேலை.

ஸ்டெப் 0: ஏன் அகச்சிவப்பு

இத ஸ்கிப் பண்ணிட்டு நேரா டேட்டாவுக்குப் போகாதீங்க, அப்புறம் வர்ற நம்பருக்கு அர்த்தமே புரியாது.

பெரிய கேலக்ஸி அநேகமா எல்லாத்தோட நடுவுலயும் ஒரு ராட்சச கருந்துளை இருக்கு. பெரும்பாலானது சும்மா கெடக்கும். சிலதுக்கு மட்டும் வாயு வந்து கொட்டிக்கிட்டே இருக்கும், அந்த வாயு உள்ள விழறதுக்கு முன்னாடி தட்டு மாதிரி சுத்திச் சுத்தி சூடேறி, சில சமயம் மொத்த கேலக்ஸியோட நட்சத்திரங்களையும் மங்க வைக்கிற அளவுக்கு எரியும். இதத்தான் ஆக்டிவ் கேலக்ஸிங்கறோம், ரொம்ப பளிச்னு இருந்தா குவேசார். சிக்கல் என்னன்னா அந்தத் தட்டச் சுத்தி தூசி மண்டிக் கெடக்கு. நம்ம பார்வைக் கோணம் அந்தத் தூசி வழியா போச்சுன்னா, நடுவுல எரியறது சாதாரண வெளிச்சத்துல தெரியவே தெரியாது.

நீறு பூத்த நெருப்புனு சொல்வோம்ல, இங்க அது வெறும் உவமை இல்ல, அப்டியே பொருந்துது. மேல சாம்பல் மூடியிருந்தா கண்ணுக்குத் தெரியாது, கைய கிட்ட கொண்டு போனா சூடு தெரியும். தூசி உள்ளேருந்து வர்ற வெளிச்சத்த முழுங்கி, சூடாகி, அந்தச் சூட்ட அகச்சிவப்பா வெளிய விடுது. என்ஜிசி 1068னு ஒரு கேலக்ஸி இருக்கு, அத ரொம்ப நாளா ஒரு தனி ரகம்னே நெனச்சுட்டு இருந்தாங்க, 1985ல ஆன்டனுச்சியும் மில்லரும் அங்கேருந்து சிதறி வர்ற போலரைஸ் ஆன (ஒரே திசைல அதிர்ற) ஒளிய மட்டும் பிரிச்சுப் பாத்தாங்க, பாத்தா உள்ள வழக்கமான குவேசார் மாதிரியே ஒண்ணு ஒளிஞ்சு உக்காந்திருக்கு.

இப்போ சூடு எவ்ளோங்கறது முக்கியம். தூசி ஏறக்குறைய 1500 கெல்வினத் தாண்டினா ஆவியாயிடும், அதனால கருந்துளைக்கு ரொம்பக் கிட்ட தூசியே இருக்க முடியாது. அந்த ஓரத்துல இருக்குற தூசி 2 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, இங்க ஒளியோட அலைநீளம்) பக்கத்துல அதிகமா ஒளிரும், வெளிய போகப் போக ஆறிக்கிட்டே போய் 10, 20 மைக்ரான்ல ஒளிரும். சாதாரண கேலக்ஸில நட்சத்திரங்களோட மொத்த வெளிச்சம் 1.6 மைக்ரான்ல உச்சத்துக்குப் போய் அதுக்கப்புறம் சரசரனு இறங்கிடும். ஆக 3 மைக்ரானத் தாண்டினா நட்சத்திரம் இறங்குது, சூடான தூசி ஏறுது. நம்ம வேலை மொத்தமும் இந்த ஒரு வித்தியாசத்த நம்பித்தான்.

ஸ்டெப் 1: டேட்டா எங்க இருக்கு

நாசாவோட வைஸ் செயற்கைக்கோள், 2009 டிசம்பர்ல போச்சு. கண்ணாடி வெறும் 40 சென்டிமீட்டர்தான், ஆனா முழு வானத்தையும் 3.4, 4.6, 12, 22 மைக்ரான்னு நாலு பேண்ட்ல எடுத்துச்சு. இதுங்களுக்கு டபிள்யூ1, டபிள்யூ2, டபிள்யூ3, டபிள்யூ4னு பேரு. குளிர் வைக்கிற ஹைட்ரஜன் 2010ல தீந்ததும் கடைசி ரெண்டு பேண்டும் போச்சு, முதல் ரெண்டு மட்டும் 2013ல திரும்ப எழுப்பப்பட்டு நியோவைஸ்ங்கற பேர்ல 2024 வரைக்கும் ஓடுச்சு.

கால்டெக்ல இருக்குற இர்சாங்கற ஆர்க்கைவ்ல இதெல்லாம் கெடைக்கும், தேடிப் பாக்க லாகின் தேவையில்ல. கேட்டலாக் சர்ச் பக்கத்துக்குப் போய் வைஸ் பிரிவுல ஆல்வைஸ் சோர்ஸ் கேட்டலாக்க செலக்ட் பண்ணுங்க. 74 கோடிக்கும் மேல புள்ளிங்க இருக்கு. ஒரே மாதிரி பேர்ல நெறைய கேட்டலாக் வரும், கொழம்பாம "ஆல்வைஸ்"னு இருக்கறத மட்டும் எடுங்க.

ஸ்டெப் 2: தெரிஞ்ச ஒண்ண வெச்சு ட்ரையல்

3சி 273னு டைப் பண்ணி, 10 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) ரேடியஸ் குடுத்துத் தேடுங்க. இது ஒரு குவேசார், 1963ல மார்ட்டன் ஷ்மிட் இதோட ஸ்பெக்ட்ரம்ல (ஒளிய அலைநீளம் வாரியா பிரிச்சது) கோடுகள் 15.8 சதவீதம் செவப்புப் பக்கம் நகர்ந்திருக்குனு கண்டுபுடிச்ச அப்புறம்தான் "நட்சத்திரம் மாதிரி தெரியற இது எவ்ளோவோ தூரத்துல இருக்கு"னு உலகத்துக்கே தெரிஞ்சுது. ஏறக்குறைய 240 கோடி ஒளியாண்டு.

பேர வெச்சுத் தேடி வரலனா வானத்துல எடத்தக் காட்டுற ஆயத்தொலைவ, வல ஏற்றம் 187.278, நடுவரை விலக்கம் +2.052 டிகிரினு நேரடியா குடுங்க. ரிசல்ட் டேபிள்ல காலம் (column) அள்ளிக்கொட்டும், பயந்துடாதீங்க, நமக்கு இப்போ நாலே நாலுதான் வேணும், ஒவ்வொரு பேண்டோட மேக்னிடியூட். மேக்னிடியூட்னா நம்பர் கூடக்கூட வெளிச்சம் கம்மி, இத மறந்தீங்கன்னா எல்லாமே தலைகீழாயிடும்.

ஸ்டெப் 3: கழிங்க

டபிள்யூ1 மைனஸ் டபிள்யூ2. இதத்தான் கலர்னு சொல்றாங்க. 3சி 273க்கு இது 0.8ஐத் தாண்டி வரும்.

0.8ல என்ன விசேஷம்னா, இந்த மேக்னிடியூட் அளவுகோல் வேகா நட்சத்திரத்த வெச்சு செட் பண்ணது, அதனால சாதாரண நட்சத்திரத்தோட கலர் 0 பக்கத்துல வரும், நட்சத்திரங்களால ஆன கேலக்ஸியும் பெரும்பாலும் கிட்டத்தட்ட அங்கயேதான். நம்பரா பாத்தா நல்லா புரியும். டபிள்யூ1ல 0 மேக்னிடியூட்னா 309.54 ஜான்ஸ்கி (வந்து சேர்ற ஒளிய அளக்குற அலகு), டபிள்யூ2ல 0 மேக்னிடியூட்னா 171.787 ஜான்ஸ்கி. ஒரு புள்ளிக்கு ரெண்டுலயும் மேக்னிடியூட் 10னு வெச்சுக்குவோம், 2.5 மேக்னிடியூடுக்கு ஒரு பத்து மடங்கு கொறையும், ஆக பத்தாயிரத்துல ஒரு பங்கு, அதாவது 31 மில்லிஜான்ஸ்கி, 17 மில்லிஜான்ஸ்கி. இறங்குது, நட்சத்திரம் மாதிரி. இப்போ டபிள்யூ2 மட்டும் 9னு இருந்தா, கலர் 1, அது 43 மில்லிஜான்ஸ்கி ஆயிடும். 31லேருந்து 43, ஏறுது. நட்சத்திரம் அப்டி ஏறாது, சூடான தூசி ஏறும். ஸ்ப்ரெட்ஷீட்ல ஃபார்முலாவா போட்டா, ஜீரோ பாயிண்ட்ட (0 மேக்னிடியூடுக்கான அந்த ஜான்ஸ்கி நம்பர) 10ன் அடுக்கு (மைனஸ் மேக்னிடியூட் வகுத்தல் 2.5)ஆல பெருக்குங்க, முடிஞ்சுது.

ஸ்டெப் 4: இப்போ எம்87 தேடுங்க

இது எனக்கு ரொம்பப் புடிச்ச ஸ்டெப், ஏன்னா இங்கதான் எல்லாரும் தடுக்கி விழுவாங்க. எம்87ங்கற கேலக்ஸியோட நடுவுல இருக்குற கருந்துளையோட நிழலத்தான் 2019ல ஈவன்ட் ஹொரைசன் டெலஸ்கோப் குழு படமா வெளியிட்டாங்க, 650 கோடி சூரிய நிறை. 3சி 273ல இருக்குறது, 2018ல வெளியான கிராவிட்டி கருவி அளவுப்படி ஏறக்குறைய 30 கோடி சூரிய நிறைதான். ஆக எம்87ல இருக்குறது இருபது மடங்குக்கும் மேல பெருசு.

அப்போ எம்87 கலர் எகிறணும்ல? போட்டுப் பாருங்க, 0வ ஒட்டியே நிக்கும்.

ஏன்னா நம்ம கழித்தல் கணக்கு கருந்துளை இருக்கா இல்லையானு சொல்லாது, எவ்ளோ பெருசுனும் சொல்லாது. அது நல்லா தின்னுட்டு இருக்கா, பக்கத்துல சூடாக தூசி இருக்கா, அதுவும் சுத்தியிருக்குற நட்சத்திர வெளிச்சத்தத் தாண்டித் தெரியற அளவுக்கு சூடா இருக்கா, இத மட்டும்தான் சொல்லும். எம்87ல இருக்குறது பட்டினி கெடக்குது, கொஞ்சமாத்தான் உள்ள போகுது, அதச் சுத்தி நட்சத்திரங்களோ எக்கச்சக்கம். "கலர் கம்மி, அதனால கருந்துளை இல்ல"னு யாராவது எழுதினா இந்த எம்87ஐக் காமிங்க.

ஸ்டெப் 5: சொந்தமா ஒரு துண்டு வானம்

மையம் வல ஏற்றம் 150.1, நடுவரை விலக்கம் +2.2 டிகிரி, ரேடியஸ் 30 ஆர்க்மினிட் (அதாவது அரை டிகிரி). இது காஸ்மாஸ் ஃபீல்டு, பெரிய டெலஸ்கோப்புங்க எல்லாம் சல்லடை போட்டுத் துழாவின எடம், அதனால நீங்க புடிக்கறது சரியானு அப்புறம் சரிபாக்கலாம். 0.8ங்கற கோட்டையே 2012ல ஸ்டெர்னும் அவரோட குழுவும் இந்த எடத்துலதான் சோதிச்சுப் பாத்தாங்க.

ஆயிரக்கணக்குல வரிகள் வரும், டவுன்லோடு பண்ணி ஸ்ப்ரெட்ஷீட்ல தெறங்க. ரெண்டு ஃபில்டர்: டபிள்யூ2 15.05 அல்லது அதுக்குக் கீழ, கலர் 0.8 அல்லது அதுக்கு மேல. வெளிச்ச ஃபில்டர் எதுக்குன்னா, ரொம்ப தூரத்துல இருக்குற சாதாரண கேலக்ஸியோட 1.6 மைக்ரான் உச்சம் ரெட்ஷிஃப்ட்டால (3சி 273ல பாத்த அதே செவப்புப் பக்க நகர்வு) நம்ம பேண்டுக்குள்ள நகர்ந்து வந்து பொய்யா செவப்பாத் தெரியும், அதுங்க பெரும்பாலும் மங்கலா இருக்கும், இந்த ஃபில்டர்ல ஓடிடும்.

எத்தன மிஞ்சணும்? ஸ்டெர்ன் குழு கணக்குல சதுர டிகிரிக்கு ஏறக்குறைய 62. நம்ம வட்டம் 0.785 சதுர டிகிரி, ஆக 48 பக்கம். கொஞ்சம் முன்னப்பின்ன வரலாம், அவங்க யூஸ் பண்ணது ஆல்வைஸுக்கு முந்தின கேட்டலாக். ஆனா உங்களுக்கு 500 வந்துச்சுன்னா ரெண்டு ஃபில்டரையும் சரியா போட்டீங்களானு பாருங்க.

ஸ்டெப் 6: குப்பைய எடுங்க

நான் முதல் தடவ இத செய்யல. வேற ஒரு எடத்துல தேடினப்ப ஒரு பிரமாதமான செவப்புப் புள்ளி மாட்டுச்சு, ரெண்டு நாளா சந்தோஷத்துல மெதந்துட்டு, கடைசில படத்தத் தெறந்து பாத்தா பக்கத்துல இருந்த ஒரு பளிச் நட்சத்திரத்தோட பிசிறு ஒளி.

டேபிள்லயே இதுக்கு எச்சரிக்கை குறி இருக்கு. கன்டாமினேஷன் ஃபிளாக்னு ஒரு காலம், நாலு எழுத்து, பேண்டுக்கு ஒண்ணு, முதல் ரெண்டும் 0 இல்லனா தூக்கிடுங்க. ஃபோட்டோமெட்ரி குவாலிட்டில முதல் ரெண்டு பேண்டுக்கும் ஏவோ பியோ இருக்கணும், யூனு இருந்தா அது அளவே இல்ல, "இதுக்கு மேல இல்ல"ங்கற உச்சவரம்பு. எக்ஸ்டெண்டட் ஃபிளாக் 0 இல்லனா அது புள்ளியா இல்லாம பரந்து கெடக்குனு அர்த்தம், எம்87 மாதிரி பக்கத்து கேலக்ஸிக்கெல்லாம் அப்டி வரும், தூக்க வேணாம், நம்பர மட்டும் சந்தேகத்தோட பாருங்க.

இதெல்லாம் தாண்டியும் ஏமாத்துறவங்க உண்டு. குளிர்ந்த பிரவுன் டுவார்ஃப்ல (நட்சத்திரமாக முடியாமப் போன மங்கலான பொருள்) மீத்தேன் 3.3 மைக்ரான் பக்கம் வெளிச்சத்த முழுங்கிடும், அதனால கலர் 2ஐயே தாண்டும், கருந்துளையோட எந்தச் சம்பந்தமும் கெடையாது. பால்வீதித் தளத்துகிட்ட தேடினா தூசி கக்குற வயசான நட்சத்திரங்களும் வந்து குவியும், அதனாலதான் தளத்த விட்டுத் தள்ளித் தேடச் சொல்றது. சின்ன கேலக்ஸிங்கள்ல இளம் நட்சத்திரங்கள் வெறித்தனமா பொறந்துட்டு இருந்தாலும் தூசி சூடாகி இதே கலரக் காட்டும், இது ஆராய்ச்சியாளர்களையே ஏமாத்துன கேஸ்.

ஸ்டெப் 7: ரெண்டாவது கலர்

டபிள்யூ2 மைனஸ் டபிள்யூ3ஐ கெடமட்டத்துல, டபிள்யூ1 மைனஸ் டபிள்யூ2வ செங்குத்தா வெச்சு ஒரு ஸ்கேட்டர் பிளாட். நட்சத்திரங்கள் மூலையில 0, 0 பக்கத்துல மொத்தமா குமிஞ்சிருக்கும். நட்சத்திரம் பொறக்குற கேலக்ஸிங்க வலது பக்கம் கீழ. குவேசார் எல்லாம் நடுவுல மேல ஏறி நிக்கும், ரெண்டாவது கலர் 2.2லேருந்து 4.2க்குள்ள. அதிகமா வலது பக்கம் தள்ளி இருக்கறத மேல சொன்ன ஏமாத்துக்காரங்க லிஸ்ட்ல வைங்க. டபிள்யூ3 நெறைய புள்ளிக்கு உச்சவரம்பாத்தான் இருக்கும், அதுங்கள இந்தப் படத்துல போடாதீங்க.

ஸ்டெப் 8: நெஜமானு பாக்கறது

மிச்சமிருக்குற ஒவ்வொண்ணோட ஆயத்தொலைவையும் நெட் (NED)ங்கற கேலக்ஸி டேட்டாபேஸ்லயும் சிம்பாட்ங்கற வான்பொருள் டேட்டாபேஸ்லயும் போட்டுப் பாருங்க. வைஸோட பார்வைக் கூர்மை 6 ஆர்க்செகண்ட்தான், ரெண்டு பொருள் ஒட்டி இருந்தா ஒண்ணாத்தான் தெரியும், அதனால படத்தையும் பாத்துடுங்க. காஸ்மாஸ்ங்கறதால நெறைய புள்ளிக்கு ரெட்ஷிஃப்டும் எக்ஸ்ரே அளவும் ஏற்கனவே இருக்கும். எக்ஸ்ரேல பளிச்னு இருந்தா சந்தேகம் பெருமளவு தீந்துது. ஸ்டெர்ன் குழு கணக்குப்படி இந்த ஃபில்டர்ல மாட்டுறதுல 95 சதவீதம் நெஜமாவே ஆக்டிவ் கேலக்ஸிதான், ஆனா அந்த ஆழத்துல இருக்குற எல்லாத்தையும் புடிக்காது, 78 சதவீதம்தான்.

கலர விட உறுதியான சாட்சி ஸ்பெக்ட்ரம். 14.3 மைக்ரான்ல நியானோட ஒரு கோடு, அதுக்கு நியான் அணுலேருந்து நாலு எலக்ட்ரான உருவணும், நாலாவத உருவ 97 எலக்ட்ரான்வோல்ட் தேவை, சாதாரண நட்சத்திரங்களால அவ்ளோ வீரியமான ஒளி குடுக்கறது ரொம்பக் கஷ்டம். அந்தக் கோடு பலமா தெரிஞ்சா உள்ள கருந்துளை தின்னுதுனு கிட்டத்தட்ட அடிச்சே சொல்லலாம். ஸ்பிட்சர்ங்கற அகச்சிவப்பு விண்வெளி டெலஸ்கோப் எடுத்த பழைய ஸ்பெக்ட்ரங்கள் இர்சாலயே இருக்கு, ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்போட மிரிங்கற அகச்சிவப்பு கருவி எடுத்தது மாஸ்ட் ஆர்க்கைவ்ல.

ஸ்டெப் 9: நேரம் இருந்தா

நியோவைஸ் ஒவ்வொரு எடத்தையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போச்சு, அந்தத் தனித்தனி அளவுகளும் இர்சால கெடைக்கும். உங்க லிஸ்ட்ல பளிச்னு இருக்குற ஒண்ண எடுத்து, தேதிக்கு எதிரா டபிள்யூ1ஐ வரைஞ்சு பாருங்க, நெறைய ஆக்டிவ் கேலக்ஸி ஏறி இறங்கும். இதுல ஒரு அழகு இருக்கு: நடுவுல தட்டு பளிச்னு ஆனா அந்த ஒளி தூசிகிட்ட போய்ச் சேர நேரம் எடுக்கும், அதனால அகச்சிவப்பு கொஞ்சம் லேட்டாத்தான் ஏறும். என்ஜிசி 4151ல 2.2 மைக்ரான்ல இந்த லேட் ஏறக்குறைய 50 நாள்னு அளந்திருக்காங்க, அப்போ தூசி ஓரம் 50 ஒளிநாள் தூரத்துல இருக்கு, எந்த டெலஸ்கோப் படத்துலயும் பிரிச்சுப் பாக்காமலே வெறும் காலண்டர வெச்சு அளந்தது. ஆறு மாச இடைவெளி டேட்டால 50 நாள் தெரியாது, அதனால நீங்க பெரிய குவேசார எடுங்க, வெளிச்சம் கூடக்கூட தூசி ஓரமும் தள்ளிப் போய் லேட்டும் வருஷக் கணக்குல வரும்.