‘மியாண்டர்’ என்ற சொல்லைத் தமிழில் பெயர்ப்பது எப்படி?

‘மியாண்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க உட்காருபவர், பொருளைப் பார்ப்பதற்கு முன் அதன் பிறப்பைப் பார்த்துவிட வேண்டும். அகராதிகள் தரும் ‘அலைதல்’ என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. சொல்லின் வேரோ ஓர் ஆற்றின் பெயர். துருக்கியின் தென்மேற்கில் ஓடி ஏஜியன் கடலில் கலக்கும் அந்த ஆற்றைப் பண்டைய கிரேக்கர் மயாண்ட்ரோஸ் என்றனர். இன்று அதன் பெயர் பூயுக் மெண்டெரெஸ். அது அத்தனை வளைவுகளோடு ஓடியதால், வளைந்து செல்லும் எதையும் அதன் பெயராலேயே குறிக்கிறார்கள் என்று சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். இலத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் பெயர்ச்சொல்லாக வந்த இது, அதன் பிறகுதான் வினைச்சொல்லாகவும் ஆனது.

அடுத்து, வாக்கியத்தில் வளைவது எது என்று பாருங்கள். ஆறு என்றால் ‘ஆற்று வளைவு’ போதும். ஆனால் அந்த வளைவு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது. வளைவின் வெளிக்கரையை நீர் அரிக்கிறது, உட்கரையில் மணலைச் சேர்க்கிறது. வளைவு மேலும் மேலும் பெருத்து, ஒரு நாள் அதன் கழுத்து அறுபட்டு, பழைய தடம் குதிரைலாட வடிவ ஏரியாக நின்றுவிடுகிறது. தேயிலைத் தூள் கிடக்கும் ஒரு கோப்பை நீரைக் கரண்டியால் சுழற்றிவிட்டுப் பாருங்கள்: தூள் ஓரத்துக்குப் போகாமல் அடியில், நடுவில் வந்து குவியும். அடிநீர் உராய்வினால் வேகம் குறைந்து உட்பக்கமாக நகர்வதே காரணம். இதைக் கொண்டுதான் 1926இல் ஐன்ஸ்டைன் ஆற்று வளைவுகளை விளக்கினார்.

கலை பற்றிய நூலில் இதே சொல் வந்தால், அது கிரேக்கப் பானைகளின் விளிம்பில் சதுரம் சதுரமாக மடிந்தோடும் கோட்டலங்காரம்.

மனிதரைப் பற்றி வரும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. ‘அலைவது’ என்று எழுதினால் பொருள் கெடும். வேலைக்காக அலைந்தேன், கடன் கேட்டு அலைந்தேன் என்று நாம் சொல்லும்போது அதில் அலுப்பும் துன்பமும் இருக்கின்றன, மியாண்டரில் அவை இல்லை. ‘கால் போன போக்கில் நடந்தான்’ என்பது பெரும்பாலும் பொருந்தும். பேச்சைக் குறிக்கும்போது ‘சுற்றி வளைத்துப் பேசினார்’ என்று எழுதத் தோன்றும், அதை நான் தவிர்ப்பேன்: தமிழில் அது நேராகச் சொல்ல மனமில்லாதவரின் பேச்சு. மியாண்டரில் அந்த உள்நோக்கம் கிடையாது. பெரியவர் ஒருவர் தம் ஊர்க் கதையைத் தொடங்கி, நடுவே கிணறு வெட்டிய கதைக்கும் மாடு வாங்கிய கதைக்கும் போய்வருகிறார் என்றால், ‘பேச்சு எங்கெங்கோ போய் வந்தது’ என்று எழுதுங்கள்.